சுருதித் தந்தியும் ஒன்பதாம் சுரமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென் மாவட்டத்தில், ஆறுகளும் அலையாத்திக் காடுகளும் சூழ ஒரு காலத்தில் தனித் தீவாகவே கிடந்த பத்து காவானுக்குத் தமிழர் வந்தது கரும்பினால். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோச்சியூ சீனர் தொடங்கிய கரும்புச் சாகுபடியை ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களாக விரித்தபோது, தமிழகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் செபராங் பிறையின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்குத் தடை வந்ததும், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கரும்பு வீழ்ந்து ரப்பர் எழுந்ததும், பின்னர் செம்பனை பரவியதும் வேலையை மாற்றினவே தவிர, லயத்து வீடுகளையும் கோயிலையும் அவற்றைச் சுற்றிய இசையையும் உடனே மாற்றிவிடவில்லை. அந்த இசைக்கு அடியில் எப்போதும் ஒரு நீள்சுரம் ஒலித்துக்கொண்டிருந்தது: நாகசுரத்துக்கு ஒத்து, பஜனைக்கு ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ. இப்பகுதித் தமிழரின் கைக்குக் கித்தார் எவ்வழியாக வந்தது என்பதையும், அக்கருவியில் 'ஆட் நைன்' எனப்படும் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டு எதனால் இத்தனை எளிதாகப் பிடிபட்டது என்பதையும் விளங்கிக்கொள்ள, இந்த நீள்சுரப் பழக்கத்தையே முதல் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

கார்டு என்பது மூன்றோ அதற்கு மேலோ சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் கூட்டு. மேலை இசையின் அடிப்படையான மேஜர் கார்டில் ஆதார சட்ஜமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் உள்ளன. சி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்டால் அவை சி, ஈ, ஜி. ஏழு சுரங்களையும் கடந்து மேல் சட்ஜத்தை எட்டாவதாக எண்ணி, அதற்கு அடுத்த ரிஷபத்தை ஒன்பதாவதாக எண்ணுவது மேலை மரபு. அந்த மேல்ஸ்தாயி சதுச்ருதி ரிஷபத்தை, அதாவது டீயை, மூன்று சுரங்களின்மேல் ஏற்றினால் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டு உருவாகிறது. 'சேர்ந்த' என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஜாஸ் இசைஞர் வெறுமனே 'ஒன்பது' என்று எழுதும் கார்டில் ஏழாம் சுரமான நிஷாதமும் உள்ளே இருக்கும், அந்த நிஷாதம் கூட்டுக்கு ஒரு கலக்கத்தையும் அடுத்த கார்டுக்கு நகர வேண்டிய நெருக்குதலையும் தரும். நிஷாதமின்றி ரிஷபத்தை மட்டும் ஏற்றும்போது அந்த நெருக்குதல் வருவதில்லை. மாறாகக் காந்தாரத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ரிஷபத்தை வைத்தால் அது 'சஸ் டூ' எனப்படும் வேறொரு கூட்டாகி, மேஜர், மைனர் என்ற நிறத்தை இழந்துவிடும். ரிஷபமும் காந்தாரமும் ஒருங்கே இருப்பதே இக்கார்டின் இலக்கணம்.

கர்நாடக இசையில் பழகிய செவிக்கு இக்கூட்டு அந்நியமன்று. சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய நான்கும் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு. தைவதம் ஒன்றுதான் எஞ்சுகிறது. காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாகக் குறைத்து மைனர் கார்டாக்கினால், அதே நான்கு இடங்களும் சிவரஞ்சனியின் ஐந்தில் நான்காகிவிடும். சீன இசையிலும் மோகனத்துக்கு ஒப்பான ஐந்துசுர அளவுக்குப் பெரும் பங்கு உண்டாதலால், தியோச்சியூக்காரரும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்ந்த கரும்புத் தோட்டங்களில் இவ்வகை மெட்டுகள் இரு தரப்புக்கும் பிடிபட்டவையாகவே இருந்திருக்கும். ஆயினும் கர்நாடக இசை கற்கத் தொடங்குவோர் சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையில் உள்ளது சுத்த ரிஷபம். அதை மேஜர் கார்டின்மேல் ஏற்றினால் உராய்வும் கடுமையும் மிஞ்சும். ஆகவே முறையாகப் பாட்டு கற்ற பிள்ளையைவிட, சினிமாப் பாட்டின் மோகனத்தையும் சிவரஞ்சனியையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கே இக்கார்டு முதலில் இனித்தது என்று கொள்வதில் தவறிருக்காது.

ஒலியியலும் இதற்குத் துணைநிற்கிறது. கித்தாரின் மெட்டுகள், அதாவது ஃபிரெட்டுகள், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டும் சமன்முறையில் அமைந்தவை. தம்புராவின் இயற்கைச் சுரங்களோ எளிய எண் விகிதங்களில் அமைந்தவை. ஒரு ஸ்தாயியை 1200 செண்ட் என்ற நுண்ணளவாகப் பகுத்துப் பார்த்தால், இயற்கையான அந்தர காந்தாரம் 386 செண்டில் நிற்க, கித்தாரின் காந்தாரம் 400இல் நிற்கிறது. இந்த 14 செண்ட் மிகுதிதான் சுருதி சுத்தத்தில் ஊறியவர்களுக்குக் கித்தாரின் மேஜர் கார்டு சற்றுக் காரமாகத் தோன்றக் காரணம். ஒன்பதுக்கு எட்டு என்ற விகிதத்தில் பிறக்கும் சதுச்ருதி ரிஷபமோ 204 செண்டுக்கு மிக அருகில் இருக்க, கித்தாரின் ரிஷபம் 200இல் நிற்கிறது. வேறுபாடு நான்கே செண்ட். கித்தாரின் கீழ்ச் சட்ஜமான சி நொடிக்கு 130.8 அதிர்வுகள் கொண்டது எனில், அதற்குரிய இயற்கையான மேல் ரிஷபம் 294.3, கித்தாரில் கிடைப்பது 293.7. கூட்டில் புதிதாக வந்து சேரும் விருந்தாளியான ரிஷபம், வீட்டுக்காரரான காந்தாரத்தைவிடச் சுருதிக்கு விசுவாசமாக இருப்பது இக்கார்டின் வேடிக்கைகளில் ஒன்று.

இந்தக் கருவி பினாங்குக்கு வந்த வழிகள் பலவாயினும் அவற்றுள் பெரும்பாலானவை கடல் வழிகள். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் குடியேற்றம் அமைத்தபோது, கெடாவிலிருந்தும் தாய்லாந்தின் பூக்கெட் பகுதியிலிருந்தும் வந்துசேர்ந்த போர்த்துக்கேய வம்சாவளிக் கத்தோலிக்கர், உள்ளூர் வழக்கில் செராணிகள், தந்திக் கருவிகளைத் தம் திருவிழாக்களிலும் குடும்ப விருந்துகளிலும் தொடர்ந்து வாசித்துவந்தனர். மறுபுறம் 1880களில் பினாங்கிலேயே உருவான பங்சாவான் நாடகம், பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் மலாய் வழித்தோன்றல். அதன் முதல் குழுவை நடத்திய மாமாக் புஷி இந்திய முஸ்லிம் பின்னணியினர். ஆர்மோனியமும் தபலாவுமாகத் தொடங்கிய அந்த மேடையில் நாளடைவில் வயலினும் கித்தாரும் ஏறின. பத்தேவியாவுக்கு அருகிலுள்ள தூகு ஊரின் போர்த்துக்கேய வம்சாவளியினரிடம் வளர்ந்து தீவுக்கூட்டம் எங்கும் பரவிய குரோஞ்சோங் இசை, நாடகக் குழுக்களோடும் கிராமபோன் தட்டுகளோடும் மலாயாவுக்கு வந்தபோது, கித்தாரைப் பின்னணியிலிருந்து இழுத்துப் பாட்டின் நடுவில் உட்காரவைத்தது. 1930களில் பரவிய ஹவாய் இசை மோகம் இதற்கு மேலும் வலுவூட்டியது; தந்தியின்மேல் உலோகத் துண்டை வழுக்கிக் கமகம் போன்ற வளைவை எழுப்பிய ஹவாய் கித்தார், பின்னாளில் இந்தியத் திரையிசைக்கும் வாய்ப்பாகப் பொருந்திவிட்டது.

இவற்றுள் எதிலும் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குரோஞ்சோங்கின் கட்டமைப்பு, சட்ஜம், மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்று ஆதாரங்களில் எழும் எளிய கார்டுகளில் அமைந்தது. அழகெல்லாம் கித்தாரின் இடைவிடாத ஓட்டத்திலும் சிறு தந்திக் கருவிகளின் மாறுதாளத்திலும் இருந்தது. மேலை இசையின் பழைய விதியிலும் ஒன்பதாம் சுரம் விருந்தாளிதான். 18ஆம் நூற்றாண்டுக்காரருக்கு அது முந்தைய கார்டிலிருந்து தொங்கிவந்து, சற்று உரசி, பிறகு சட்ஜத்தில் இறங்கியாக வேண்டிய சுரம். இறங்காமல் அங்கேயே நின்று ஒலிக்கும் உரிமையை அதற்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெபுசி போன்ற பிரெஞ்சு இசைஞர்கள் வழங்கினர். அவர்களிடமிருந்து ஜாஸ் கலைஞர் எடுத்துக்கொண்டனர். ஜாஸ் வழியாகத்தான் ஒன்பதாம் சுரம் பினாங்கின் நடன அரங்குகளுக்கும் வந்தது. அங்கு 1922இல் பிறந்து 1971இல் மறைந்த ஜிம்மி பாய்ல், ஆசிரியராகவும் பியானோ கலைஞராகவும் இருந்துகொண்டு, மலாய் மெட்டுகளை ஜாஸ் ஒத்திசைவில் அமைத்துப் பாடல்கள் இயற்றியவர். ஆனால் அவ்வுலகின் ஒன்பது பெரும்பாலும் நிஷாதத்தோடோ தைவதத்தோடோ கூடிவருவது, பியானோவின் பத்து விரல்களுக்குப் பொருந்துவது, எழுத்தும் பயிற்சியும் கேட்பது. அந்த அரங்குகள் ஜார்ஜ் டவுனில் இருந்தன. பத்து காவானிலிருந்து அங்கே போவதற்கு நெடுந்தொலைவு தரைவழியும் பிறகு பட்டர்வொர்த் படகுத்துறையும் கடக்க வேண்டியிருந்தன.

பெருநிலத்துக்கு இசை வந்து சேர்ந்ததற்கும், அங்கிருந்து வெளியேறியதற்கும் ஒரே நிகழ்வில் சான்று காட்ட வேண்டுமானால் பி. ரம்லியின் தொடக்கத்தைக் காட்டலாம். 1929இல் பினாங்கில், ஆச்சேக்காரத் தந்தைக்கும் பட்டர்வொர்த் பக்கத்துத் தாய்க்கும் பிறந்த அவர், உக்குலேலேயில் தொடங்கிக் கித்தார், வயலின் என்று நகர்ந்து, குரோஞ்சோங் குழுக்களில் வாசித்துப் பழகினார். 1948இல் பத்து காவானுக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்ட இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், அவரைச் சிங்கப்பூரின் ஷா சகோதரர் படநிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். மலாய்த் திரையிசையின் ஆகப்பெரும் பெயர் ஒரு பெருநிலச் சிற்றூர் மேடையில் இந்தியர் ஒருவரின் காதில் பட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மலாய்த் திரைத்துறையின் தொடக்ககால இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதும், இந்தியப் படங்களின் பாடல் அமைப்பையே அவர்கள் கொண்டுவந்தார்கள் என்பதும் தற்செயலல்ல. தோட்டத்துத் தமிழர் தமிழ்ப் படத்திலும் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் மலாய்ப் படத்திலும் கேட்ட பாடல்கள், இந்த வகையில், ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகவே இருந்தன.

1960களில் நிலைமை விரைந்து மாறியது. இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு பாடகர் இல்லாமலேயே மின்கித்தாரை முன்னிறுத்தியதும், அக்குழு 1961இல் கிளிஃப் ரிச்சர்டுடன் சிங்கப்பூருக்கு வந்ததும் மலாயா முழுதும் மூன்று கித்தாரும் ஒரு டிரம்மும் கொண்ட குழுக்களைப் பெருக்கின. 'விறுவிறுப்பான கித்தார் குழு' என்ற பொருளுள்ள மலாய்த் தொடரின் சுருக்கமாக அவற்றைக் 'குகிரான்' என்றழைத்தனர். பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படை 1950களின் கடைசியிலிருந்து 1988 வரை தளம் நடத்தியதால், படைவீரர் மன்றங்களில் மேலைப் பாடல்களை அச்சாக வாசிக்கத் தெரிந்த உள்ளூர்க் குழுக்களுக்குச் சம்பளம் கிடைத்தது. இசைத்தாளைப் படிக்கத் தெரியாதவர்கள், தட்டை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் காதால் கார்டைப் பிடித்துக்கொண்டனர். பினாங்கின் 1930கள் முதல் 1960கள் வரையிலான இசை வாழ்வைப் பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 2015இல் ஒரு பெருநூலாக்கினர். 2016இல் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில் அதற்கென ஒரு காட்சியகமும் திறக்கப்பட்டது.

அந்தச் சூழலில் பிறந்த குழுக்களில் நாடு முழுதும் பெயர் பெற்றதும், தமிழர் தலைமையில் இருந்ததும் 'அல்லிகேட்ஸ்'. 1960களின் இறுதியில் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் தொடங்கிய இக்குழு, ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேர்ந்து, பிறகு மலாய் மொழிப் பாடல்களால் மலேசிய வீடுகளுக்குள் நுழைந்தது. தமிழ்ப் பெயரும் பெரிய சுருட்டை முடியும் கொண்ட இருவர் மலாய்க் காதல் பாடல்களைப் பாடி மூவினத்தாரின் திருமணங்களிலும் இடம்பிடித்தது, இனவாரியாகப் பிரித்தே பேசப்படும் மலேசியப் பண்பாட்டு வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய பகுதி. 2007இல் நுரையீரல் புற்றுநோயால் லோகநாதன் மறைந்த பிறகும் குழுவை டேவிட் நடத்திவந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஒரு கருத்தை உறுதிப்படுத்தினர்: கித்தார் வெள்ளைக்காரரின் கருவியோ செராணிகளின் கருவியோ மட்டுமன்று.

கற்பித்தல் என்ற பக்கத்தில் தமிழரின் பங்கு சிங்கப்பூரில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. 1914இல் பினாங்கில் பிறந்து சிங்கப்பூரின் முன்னணி இசை நடத்துநரான பால் அபிஷேகநாதனின் தம்பி அலெக்ஸ் அபிஷேகநாதன், அந்நாட்டில் 'கித்தாரின் தந்தை' என்று போற்றப்படுபவர். 1926இல் பிறந்த அவர் 1967இல் செவ்வியல் கித்தார் சங்கம் அமையக் காரணமாக இருந்தார், 1970இல் தொலைக்காட்சியில் கித்தார் பாடம் நடத்தினார், 1981இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கித்தார் குழுவைத் தொடங்கினார். அவருடையது இசைத்தாள் வழிக் கல்வி; சுரத்தின் பெயரும் இடமும் முதலில், ஒலி பிறகு. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் முதலானோர் பைலா தாளத்தில் கித்தாரோடு வளர்த்த தமிழ்ப் பொப்பிசையோ இதற்கு நேரெதிரான வழியில், மூன்று கார்டும் நல்ல வரியும் போதும் என்ற துணிவில் நின்றது. செபராங் பிறையின் தோட்டப்புறங்களுக்கு இரண்டாவது வழியே உறவு. கோயில் திருவிழா மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் திரைப்பாடல் வாசித்த மெல்லிசைக் குழுக்களே பள்ளிக்கூடமாக, மலிவான சீனக் கித்தார்களே பாடநூலாக அமைந்தன. 'கப்போக்' என்ற வணிகப் பெயர், பின்னர் எல்லா மலிவுக் கித்தார்களுக்கும் மலாய்ப் பேச்சில் பொதுப்பெயரானது. அக்கருவிகளில் தந்தி மெட்டிலிருந்து எழும்பி நிற்கும். ஒரு விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் அமுக்கும் 'பாரே' பிடி, வளரும் பிள்ளையின் விரலுக்குத் தண்டனைதான். ஆகவே திறந்த தந்திகள் ஒலிக்கும் பிடிகளையே நாடினர்.

அந்த நாட்டத்தின் நடுவில்தான் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டு காத்திருந்தது. கித்தாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது நோக்கி ஈ, ஏ, டீ, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டப்படுகின்றன. ஜி கார்டைப் பிடிக்கும் முறைகளில் ஒன்று, நடுவிரலை ஆறாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலும், ஆட்காட்டி விரலை ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், மோதிர விரலையும் சுண்டு விரலையும் மெல்லிய இரு தந்திகளின் மூன்றாம் மெட்டிலும் வைப்பது. இப்போது அந்தக் கடைசி இரு விரல்களையும் எடுக்காமல், முதல் இரு விரல்களை மட்டும் ஒரு தந்தி கீழ்ப்புறம் நகர்த்தி, ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலும் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும் அமர்த்தினால், ஆறாம் தந்தியைத் தவிர்த்து மீட்டும்போது கேட்பது சி, ஈ, ஜி, டீ, ஜி. கற்பவர் சி கார்டுக்குப் போவதாகத்தான் நினைத்திருப்பார். விரலை எடுக்காத சோம்பலினால் அவர் கையில் வந்து விழுந்தது ஒன்பதாம் சுரம் சேர்ந்த சி. முதல் இரு விரல்களையும் மறுபடி நகர்த்தி ஐந்தாம், நான்காம் தந்திகளின் இரண்டாம் மெட்டில் வைத்தால் ஈ மைனர் ஏழு. மேல் இரு விரல்கள் அப்போதும் அசைவதில்லை.

அசையாத அந்த இரு விரல்கள் ஒலிக்கும் சுரங்கள் எவை என்று பார்த்தால் இதன் உள்பொருள் வெளிப்படும். ஜி சட்ஜமாக எண்ணப்படும்போது, டீ அதன் பஞ்சமம். ஆக மெல்லிய இரு தந்திகளிலும் நீடித்து நிற்பது பஞ்சமமும் மேல் சட்ஜமும், அதாவது சுருதிப்பெட்டி இடைவிடாமல் ஊதும் அதே இரு சுரங்கள். அடியில் ஆதாரம் சட்ஜத்திலிருந்து மத்திமத்துக்கும் தைவதத்துக்கும் நகர, மேலே சுருதி நகர மறுக்கிறது. மத்திமத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டில் நகராத அந்தப் பஞ்சமம், மத்திமத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் சுரம். கீழே கார்டு மாறவும் மேலே ஒத்து நிற்கவும் நேர்ந்ததில் விளைந்த கூட்டு இது. கோட்பாட்டு நூல் தரும் 'சி கார்டின்மேல் டீயைச் சேர்' என்ற விளக்கம், விரலுக்கும் காதுக்கும் முன்பே தெரிந்த ஒன்றைப் பின்னால் வந்து பெயரிடுவதே. ஒத்தும் ஆர்மோனியமும் கேட்டு வளர்ந்த செவிக்கு, எல்லாச் சுரமும் ஒன்றாக இடம்பெயரும் மேலைக் கார்டு மாற்றம் அடித்தரையைப் பிடுங்குவது போலிருந்தால் வியப்பில்லை. இப்பிடியில் அந்தத் தரை மேலே ஏறிக்கொண்டு நிலைத்துவிடுகிறது. இப்பிடிகள் உலகெங்கும் தொடக்கநிலைக் கித்தார் கற்போர் அறிந்தவைதாம், பினாங்குக்கே உரியவை என்று உரிமை கொண்டாட இடமில்லை. ஆயினும் தமிழிசைச் செவியோடு அவை பொருந்தும் விதம் தனியானது.

மற்ற பிடிகள் இவ்வளவு தாராளமானவையல்ல. பழைய சி கார்டில் இரண்டாம் தந்தியிலுள்ள ஆட்காட்டி விரலை எடுத்து, அதே தந்தியின் மூன்றாம் மெட்டில் சுண்டு விரலை வைத்து, முதல் தந்தியைத் திறந்துவிட்டால் டீயும் ஈயும் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் உரசி மினுங்கும். கூட்டு அதே, நிறம் வேறு. ஒன்பதாம் சுரம் சேர்ந்த ஏ கார்டுக்கு நான்காம், இரண்டாம் தந்திகளை இரண்டாம் மெட்டிலும் மூன்றாம் தந்தியை நான்காம் மெட்டிலும் அமுக்க வேண்டும். ஈ கார்டுக்கும் இவ்வாறே ஒரு விரல் நான்காம் மெட்டுவரை நீள வேண்டும். சின்னக் கைகளுக்கு இந்த நீட்டம் எளிதன்று. ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டி, மங்கி ஒலிப்பது எது என்று கண்டு, அடுத்த விரலின் சதை அதைத் தொடுகிறதா என்று பார்த்துத் திருத்துவதே இதற்கு வழி. மொத்தமாக ஒரே வீச்சில் அறைந்து வாசிப்பவர், ஒன்பதாம் சுரம் செத்துக் கிடப்பதை மாதக்கணக்கில் அறியாமலே இருந்துவிடக்கூடும். இக்கார்டைத் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டும் 'ஆர்பெஜியோ' முறை விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1983இல் போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடலில் ஆண்டி சம்மர்ஸ் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுகளை இவ்வாறு பிரித்து வாசித்து, கித்தார் பழகும் உலகத்தின் பயிற்சிப் பாடமாகவே அதை ஆக்கிவிட்டார்.

தமிழர் காதில் பிரித்து மீட்டும் கித்தார் அதற்கு முன்பே குடியேறிவிட்டது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் செவ்வியல் கித்தாருக்குத் தங்கப்பதக்கம் பெற்று, சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர் என்பது, 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய அவருடைய திரையிசையில் அக்கருவி வெறும் தாளத்துணையாக நில்லாததை விளக்கும். 1980இல் வந்த 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே', 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா' ஆகிய இரண்டும் கித்தாரே கதாநாயகனாக நிற்கும் பாடல்கள். ஒலிநாடா மலிவாகி, தோட்டத்து வீடுகளில் வானொலிக்குப் பக்கத்தில் நாடாக்கருவி அமர்ந்த அந்த ஆண்டுகளில், நாடாவை நிறுத்தியும் பின்னோட்டியும் ஒவ்வொரு தந்தியாகத் தேடிப் பிடிப்பதே மெல்லிசைக் குழுக் கித்தாரிஸ்டுகளின் பயிற்சி முறையாக இருந்தது. தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் வரி மட்டுமே அச்சாகும், கார்டு இருக்காது. மலாய்ப் பாட்டுகளுக்கோ வரியின் மேல் கார்டு அச்சிட்ட மலிவுப் புத்தகங்கள் கடைகளில் கிடைத்தன. ஆகவே கார்டுகளின் பெயரை மலாய்ப் பாட்டிலிருந்தும், ஒலியைத் தமிழ்ப் பாட்டிலிருந்தும் கற்றதாக அந்தத் தலைமுறையின் கல்வி இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

பத்து காவான் இன்று அந்த ஊரன்று. 1985இல் திறந்த முதல் பாலமும், 2014 மார்ச் 1 அன்று பத்து காவானிலேயே கரையேறிய 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலிருந்த தொலைவை அழித்தன. செம்பனை நின்ற இடங்களில் தொழிற்பேட்டையும், பண்டார் காசியா என்ற புதுநகரும், பேரங்காடிகளும் எழுந்துள்ளன. இப்போது கற்கத் தொடங்குபவர் கைப்பேசித் திரையில் முதலில் காண்பது கார்டின் பெயரையும் விரல் வரைபடத்தையும். காது பிறகுதான் வேலைக்கு வருகிறது. கற்கும் வரிசை இப்படித் தலைகீழானதில் வேகம் கூடியிருக்கிறது, ஆனால் வரைபடம் காட்டும் புள்ளிகளில் எது சுருதி, எது ஆதாரம் என்று பிரித்தறியாமல் வாசிப்பவர்களும் பெருகியிருக்கின்றனர்.

பாடகருக்கு வாசிக்கும்போது இந்தப் பிரித்தறிதல் உடனே சோதிக்கப்படும். ஜியைச் சட்ஜமாகக் கொண்ட மேற்கண்ட பிடிகள் தமிழ் மேடை வழக்கில் ஐந்து கட்டைச் சுருதி. பெண் குரல்களுக்குப் பெரும்பாலும் அது வசதியானது. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்குச் சட்ஜம் சியாக வேண்டும். அப்போது மத்திமத்தின்மேல் ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டு எஃப் ஆகிறது. எஃப்பை அதன் சொந்த இடத்தில் பிடிக்க ஆட்காட்டி, நடுவிரல், மோதிர விரல் ஆகியவை முதல் மூன்று மெட்டுகளில் நெருங்கி நிற்க, சுண்டு விரல் முதல் தந்தியின் மூன்றாம் மெட்டைத் தனியே தேடிப் போக வேண்டும், அடித்தந்திகள் இரண்டும் ஒலிக்காமலும் காக்க வேண்டும். மெல்லிசைக் குழுக்காரர்கள் இந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. தந்திகளைக் குறுக்கே கவ்வும் 'கேப்போ'வை ஐந்தாம் மெட்டில் பூட்டிவிட்டு, பழைய ஜி பிடியையே பிடிக்கின்றனர். முதல் இரு விரல்கள் ஒரு தந்தி தள்ளி நகர்கின்றன, மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஒரு கட்டைச் சுருதியில் எஃப் தன் ஒன்பதாம் சுரத்தோடு ஒலிக்கிறது.